நோயில்லாதவர் பட்டியல்

அந்த அலமு அம்மாவை நேரில் பார்த்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது ரோஸ்லினுக்கு.

இருக்காதா பின்னே? மூன்று வருஷ ஆராய்ச்சி! மறதி நோயாளிகள் நாற்பது பேர், நோயில்லாதவர்கள் நாற்பது பேர். மூளை ஸ்கேனைப் பார்த்து யார் எந்தப் பக்கம் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். எண்பதில் எழுபத்து மூன்று சரியாகச் சொல்லிவிட்டது.

"மிச்சம் ஏழு தப்புல ஆறுல, இப்படியா அப்படியான்னு தடுமாறுது சார். நோயில்லாதவங்க பட்டியல்ல இருக்கற அந்த அலமு ஆன்ட்டியை மட்டும் எத்தனை தடவை ஓட்டினாலும் நோயாளின்னு அடிச்சுச் சொல்லுது."

பேராசிரியர் பாலச்சந்திரன் சிரித்தார். "அப்ப கம்ப்யூட்டரை ஏம்மா திட்டறே? நம்ம பட்டியலே தப்பா இருந்தா? நோயாளிக்குத் துணைக்கு வர்றவங்களைப் பிடிச்சுத்தான் நோயில்லாதவங்கன்னு ஸ்கேன் எடுக்கறோம். மறதி இல்லைன்னு ஃபாரத்துல அவங்க போடற டிக்தான் நமக்கு வேதவாக்கு. கூப்பிட்டுக் கேளு."

மறுநாள் மெட்டுகுடாவிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார் அலமு. கூடவே கணவர் சீதாராமன். நோய் முற்றியவர். ரயிலில் கார்டாக ஊர் ஊராகப் போய் வந்த மனுஷருக்கு இப்போது பாத்ரூம் எங்கே என்று தெரியாது, பாவம்.

"மறைக்காம சொல்லுங்க ஆன்ட்டி. உங்களுக்கும் மறதி இருக்கா?"

அலமு தலையைக் குனிந்துகொண்டார். "ஹவ்மா, இருக்கு. போன வருஷமே திருமுல்கேரி டாக்டர் சொல்லிட்டார். ஆரம்பம்தானாம்."

"அப்புறம் ஏன் இல்லைன்னு டிக் போட்டீங்க? இப்படியா பொய் சொல்லுவாங்க? என் உழைப்பெல்லாம் போச்சே!"

"மன்னிச்சுக்கோம்மா. என் பையன் பக்கத்துலயே உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியா படிச்சுக் காட்டினான். அவன் எதிர்ல எப்படிச் சொல்வேன்?"

"சொன்னா என்ன ஆன்ட்டி? மகன்தானே?"

"அப்பாவை ஹோம்ல விட்டுடலாம்னு ரெண்டு வருஷமா சொல்லிண்டிருக்கான். நான் நன்னாத்தானே இருக்கேன், நான் பார்த்துக்கறேன்னு சொல்லித்தான் தடுத்து வெச்சிருக்கேன்."

சீதாராமன் மனைவியின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "அலமு, ஆத்துக்குப் போலாமா?"

ரோஸ்லின் அந்த ஃபாரத்தை மடித்து வைத்தாள்.

அலமு கணவரின் வாயோரத்தைத் துடைத்துவிட்டார்.

"இவருக்கு ஞாபகம் இருக்கறது என் பேர் ஒண்ணுதான்மா. இவர் பேர் எனக்கு மறந்து போற வரைக்குமாவது, நாங்க சேர்ந்து இருந்துக்கறோமே!"