தங்கமான புள்ள

நந்தினியின் செயலியை ஆப் ஸ்டோர் நேற்று தூக்கிவிட்டது. பாடாலூர் பக்கம் சின்ன வெங்காயம் பிடுங்க ஆள் கூப்பிடும் செயலி அது. கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து உருவாக்கியது.

“ஆள் புடிச்சு விடுற புரோக்கர் வீரமணி வேலைதான். கமிஷன் போச்சேன்னு வயித்தெரிச்சல்ல பண்ணியிருப்பான். அவன் கை வெளங்குமா?” என்று அம்மா சம்பூர்ணம் காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்தாள்.

“போன் பண்ணி அங்க ஒரு ஆளுகிட்ட பேசேன்டி.”

“ஆளே கிடையாதும்மா. தூக்குறதும் மெஷின், பதில் போடுறதும் மெஷின்.”

அப்போது மெயில் வந்தது. நந்தினி படித்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

“ஒரே நாள்ல ஏகப்பட்ட பேரு அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்களாம். எல்லாத்துலயும் ஒரே வரி. மனுசங்க எழுதினதில்ல, மெஷின வச்சு நான் ஏமாத்திட்டேனாம். இனிமே என் பேர்ல எந்த ஆப்பும் போட முடியாதாம்மா.”

“படுபாவி! அப்படி என்னதான் எழுதியிருக்கான் வீரமணி?”

“‘தங்கமான புள்ள, மவராசியா இருக்கணும்.’”

சம்பூர்ணம் புடவைத் தலைப்பைத் திருகினாள்.

“வெங்காயம் புடுங்க வந்தவளுங்க உன்னப் பத்தி நல்லதா நாலு வார்த்த போடணும்னு ஆசையாத்தான் கேட்டாளுங்க. அவளுங்களுக்கு எழுத வராதுன்னு ஒவ்வொருத்தி போனா வாங்கி, மைக்க அமுக்கி நான்தான்டி சொன்னேன்.”



சம்பூர்ணத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அது கெடக்கட்டும். என்னையப் பாத்தா அந்த மெயில் போட்டவனுக்கு மெஷின் மாதிரியாடி இருக்கு?”