கோவிந்தம்மாளின் மணை

"இது என்ன கோவிந்தம்மா? சொல்லு, இது என்ன?"

அம்மா மணையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். ஒரு மூலையே காணோம். பிஸ்கட்டைக் கடித்த மாதிரி போயிருந்தது.

"முயல் கடிச்சிருக்கும்மா."

"அது எனக்கும் தெரியுது. ஏன் கடிச்சுது?"

கோவிந்தம்மாள் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். மதராசி கேம்ப் குடிசையிலிருந்து பஸ் பிடித்து, சரோஜினி நகரில் எங்கள் க்வார்ட்டர்ஸுக்குப் பாத்திரம் தேய்க்க வருகிறவள். பின் வராந்தாவில் அந்த மணையில் உட்கார்ந்துதான் தேய்ப்பாள். டீயும் அதில் உட்கார்ந்துதான். அவளுக்கென்று ஒதுக்கினது. நாங்கள் யாரும் அதில் உட்கார மாட்டோம்.

முயல் என் தங்கை இந்திராணியுடையது. பேர் மக்கன். வந்த பதினைந்தே நாளில் நாற்காலிக் கால், கட்டில் கால் எல்லாவற்றையும் ருசி பார்த்துவிட்டு, கடைசியில் வாசல் நிலையில் பல்லை வைத்தது. அப்பா அலறிவிட்டார்.

"என் நாற்காலியைத் தின்னட்டும், போகட்டும். இது சர்க்கார் கதவு! அடுத்த வருஷம் ரிட்டையராகிக் காலி பண்ணும்போது பார்க்க வருவான். முயல் தின்னுடுத்துன்னு எழுதிக் கொடுக்கவா? இன்னும் ஒரு பல் தடம் பார்த்தேன், முயல் வெளியே!"

இந்திராணி சாப்பிடாமல் அழுதாள். அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். வேப்பெண்ணெய். வீட்டில் மரம் என்று இருக்கிற எல்லாவற்றுக்கும் தினம் ஒரு கை தடவ வேண்டும். அந்த வேலையும் கோவிந்தம்மாள் தலையில் விழுந்தது. வீடே நாறியது. ஆனால் கதவு தப்பித்தது. முயலும் தப்பித்தது.

இரண்டு மாதம் கழித்து விஷயத்தைக் கண்டுபிடித்தவன் நான். பதினொன்றாவதில் கோட் அடித்துப் படிப்பை விட்டவனுக்கு வேறு என்ன வேலை?

"அம்மா, எல்லாத்துக்கும் தடவறா. அவ மணைக்கு மட்டும் தடவறதில்லை. வேணும்னா மோந்து பாரு."

அம்மா மோந்து பார்த்தாள். அதிலிருந்து வந்ததுதான் இந்தச் சண்டை.

"எங்க வீடு பூரா நாறலாம். இவ சேலை மட்டும் நாறக் கூடாது, இல்லையா?"

"அதில்லம்மா..."

"மிச்ச எண்ணெய் எங்கே போகுது? உன் பிள்ளைங்க தலைக்கா? பேனுக்கு நல்லதாச்சே!"

கோவிந்தம்மாள் அப்போதுதான் நிமிர்ந்தாள். "சீசாவை நீங்கதானேம்மா பூட்டி வைக்கிறீங்க? ஊத்திக் கொடுக்கிறதும் நீங்கதான்."

அது உண்மை. உண்மை என்பதால் அம்மாவுக்கு இன்னும் கோபம் வந்தது.

"வாய் வேறயா? நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

அவள் கை கழுவிக்கொண்டு, மணையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். போகும்போது முன் அறையில் என்னிடம் நின்று ஏதோ சொன்னாள். நான் டிரான்சிஸ்டரில் கமெண்டரி கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசி விக்கெட்.

"அச்சா, அச்சா" என்று தலையை ஆட்டினேன். போய்விட்டாள்.

எண்ணெய் வேலை எனக்கு வந்தது. செய்தால் ஒழுங்காகச் செய்வேன். ஒரு கால் விடவில்லை. மணைக்கு அடியிலும் மேலும் இரண்டு கை தடவினேன். அப்பா கதவு நிலையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"பரவாயில்லையே! இதையாவது உருப்படியா செய்யறே."

ரிசல்ட் வந்ததற்கப்புறம் அவர் என்னைப் பாராட்டினது அன்றுதான்.

மக்கன் அதற்குப் பிறகு எதையும் கடிக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆனதும் வேக வைத்த கேரட்டைக்கூடக் கடிக்கவில்லை. தட்டு வரைக்கும் வரும், மோந்து பார்க்கும், திரும்பிவிடும். வாயோரம் எச்சில் ஒழுகியது. இந்திராணி ரொட்டியைப் பாலில் ஊற வைத்து ஊட்டினாள். இறங்கவில்லை.

கூடையில் வைத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு மிருக ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்தார்ஜி டாக்டர் அதன் வாயைத் திறந்து காட்டினார். மேல் பல் இரண்டும் உள்ளே சுருண்டு வளர்ந்திருந்தன. கீழ்ப் பல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன போடறீங்க?" என்று இந்தியில் கேட்டார்.

"ரொட்டி, சாதம், வேக வெச்ச காய்."

"கடிக்க?"

"எங்க வீட்ல எதையும் கடிக்க விடமாட்டோம், டாக்டர் சாப்" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். "முயலுக்குப் பல் வளர்ந்துக்கிட்டே இருக்கும், பேட்டா. மரமோ புல்லோ கடிச்சுத் தேய்ச்சாத்தான் உண்டு. இத்தனை நாள் எதையோ கடிச்சிருக்கு. அதை யார் நிறுத்தினது?"

நான் மக்கனைப் பிடித்துக்கொண்டேன். அவர் பல்லை வெட்டிவிட்டார். ஆனால் அது ரொம்ப நாள் பட்டினி கிடந்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் வராந்தாவில் விறைத்துக் கிடந்தது. இந்திராணியிடம் ஏதோ வியாதி என்று சொல்லியிருக்கிறேன். நம்பிவிட்டாள்.

கதவு பளபளவென்று இருக்கிறது. புதிதாக வந்த வேலைக்காரி அந்த மணையில் உட்கார மாட்டேன் என்கிறாள். நாறுகிறதாம்.

அன்று கமெண்டரிச் சத்தத்தில் கோவிந்தம்மாள் சொன்னது கேட்கவில்லை என்றால் அது பொய். நன்றாகவே கேட்டது.

"தம்பி, என் மணைக்கு மட்டும் எண்ணெய் தடவிடாதே. கடிக்கிறதுக்கு ஒண்ணாவது வேணும், இல்லேன்னா அது செத்துப்போயிடும். மணை போனாப் போகுது, நான் தரையில உக்காந்து தேச்சுக்கிறேன்னு அம்மாகிட்ட நீயாவது எடுத்துச் சொல்லு."