குகதாசனின் சாட்சி

மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட்டுக்குக் கீழே புதுக் கமெராவைப் பூட்டி முடித்த குகதாசன், சந்தனக் கிண்ணத்தோடு வந்த மனைவி நளாயினியை ஏளனமாகப் பார்த்தான்.

"இதுக்குமா பொட்டு? இது சாமிப்படமில்லை, சாட்சி. இனி ரோட்டில ஒருத்தனும் என்னோட சேட்டை விடேலாது. உமக்கு எங்க விளங்கப்போகுது."

"புதுச் சாமான். நல்லதுக்குத்தானே சொல்லுறன்."

"பட்டிக்காடு," என்றுவிட்டு ஹெல்மெட் எடுக்க உள்ளே போனான்.

அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனவன், வெள்ளவத்தைச் சந்தியில் ஒரு முச்சக்கரவண்டியோடு மோதினான். ஒருவருக்கும் காயமில்லை. சிவப்பு விளக்கில் வந்தது யார் என்பதுதான் சண்டை.

பொலிஸ் நிலையத்தில், கான்ஸ்டபிள் கழற்றிக்கொண்டு வந்த கமெராவைக் காட்டி, குகதாசன் நெஞ்சை நிமிர்த்தினான். "எல்லாம் இதில இருக்கு, சேர். பிழை விட்டவன்ர லைசன்சைப் பறியுங்கோ."

சார்ஜன்ட் போட்டுப் பார்த்தார். வீடியோ முழுக்க ஒரே மஞ்சள். கமெராவைத் திருப்பினார். லென்சின் நட்டநடுவில் சந்தனப் பொட்டு. அலுத்துப்போய், இரண்டு பேரையும் சமாதானமாகப் போகச் சொன்னார்.

வாசலில் குகதாசன் பல்லைக் கடித்தான். "மூளை இருக்கே உமக்கு? லைசன்ஸ் போயிருக்கும்."

"ஓம், உங்கட லைசன்ஸ்," என்றாள் நளாயினி. "கமெராவுக்குப் பிரசங்கம் வைச்சுக்கொண்டு சிவப்பு விளக்கில போனது நீங்கள்தான். நான் பின்னால இருந்து பார்த்தனான்."

அடுத்த வெள்ளிக்கிழமை அவனே கமெராவைக் கழற்றிக்கொண்டு வந்து அவளிடம் நீட்டினான்.

"கொஞ்சம் பெரிசா வையும்."