சாம்பல் போடாத பக்கம்

ஒரு பிடி சாம்பலை அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள்.

வாசனையே இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

தோல் கம்பெனிக் கழிவுநீர் பாய்ந்து செத்த நிலம் அவளுடையது. புருஷன் இருந்த காலத்திலேயே புல் முளைப்பதும் நின்றுவிட்டது. இப்போது அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் கலந்து கொண்டுவந்து, இதுதான் மருந்து என்கிறார்கள். கழிவால் கெட்ட மண்ணைக் கழிவைக் கொட்டியே குணமாக்குவார்களாம். யார் காதில் பூச் சுற்றுகிறார்கள்?

அதைவிட வேறொன்று உறுத்தியது.

வரப்புக்கு இந்தப் பக்கம் அவள் பங்கு. அந்தப் பக்கம் கொழுந்தன் முனிரத்தினத்தின் பங்கு. இரண்டும் சின்னத் துண்டுகள். ஒரே மண், ஒரே கேடு.

சாம்பல் மட்டும் அவள் பக்கத்துக்கு.

"இது மருந்துன்னா இன்னாத்துக்கு சார் அவரு நெலத்த வுட்டுட்டீங்க?"

"ஒண்ணுல போட்டு, ஒண்ணுல போடாம விட்டாத்தாம்மா வித்தியாசம் தெரியும்," என்றார் மண் ஆராய்ச்சிக்காரர்.

வித்தியாசமாம்.

முனிரத்தினம் ஆம்பூரில் இருப்பவன். நாலு பேரைத் தெரிந்தவன். நைசாகத் தன் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டு, கண்டதையும் அவள் தலையில் கட்டிவிட்டான்.

சாம்பலைப் பரப்பி மண்ணோடு கிளறிவிடும் வேலையை அவளிடமே விட்டுப் போயிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. ஆள் நடமாட்டமே இல்லை.

கூடை கூடையாகச் சுமந்து வரப்பைத் தாண்டினாள். ஒரு பிடி மிச்சம் வைக்கவில்லை. அத்தனையையும் முனிரத்தினத்தின் நிலத்தில் கொட்டி, மண்வெட்டியால் கொத்தி மூடினாள். அந்த மண்ணே சாம்பல் நிறம்தான். பார்த்தால் தெரியாது.

விஷம் என்றால் அவனே தின்னட்டும்.

பிறகு ஆராய்ச்சிக்காரர் ஆட்களோடு வந்து இரண்டு பக்கமும் கேழ்வரகு விதைத்தார்.

இப்போது அந்தப் பக்கம் கதிர் முற்றி நிற்கிறது.

இந்தப் பக்கம் கட்டாந்தரை.

ஆராய்ச்சிக்காரர் வரப்பில் வெகுநேரம் நின்றார். செல்போனில் படம் எடுத்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

ஏரிக்கரை ரோட்டில் சாம்பல் லாரிகள் வரிசையாக நின்றன. ஊரில் பாழாய்ப்போன மற்ற நிலங்களுக்கெல்லாம் போடக் கொண்டுவந்த சாம்பல். ஊரே அதற்காகத்தான் காத்துக் கிடந்தது.

திரும்பிப் போகச் சொல்லிக் கைகாட்டினார்.

"நீங்க சந்தேகப்பட்டது சரிதாம்மா. அந்தப் பக்கம் கொத்தி விதைச்சதே போதும்போல, இங்க சாம்பல் போட்டதுதான் தப்பு. எங்களை மன்னிச்சிடுங்க. இனிமே இந்த ஊர்ல எங்கேயும் போட மாட்டோம்."



மருந்து வேலை செய்திருக்கிறது. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

விளைச்சலைப் பார்க்க ஆம்பூரிலிருந்து வந்திருந்த முனிரத்தினம் தன் பக்கத்திலிருந்து ஒரு கதிரைப் பறித்தான். உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதி, மணிகளை அவள் கையில் கொட்டினான்.

"வெளஞ்சதுல பாதி உங்களுக்குதான் அண்ணி. உங்க பக்கம் பாவம், வீணா பூட்ச்சு."

அவளுக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகியது.

ரோட்டில் முதல் லாரி பின்வாங்கித் திரும்பியது.

"நிறுத்த சொல்லுங்க சார்," என்றாள்.

ஆராய்ச்சிக்காரர் அவளைப் பார்த்தார்.

அவள் முனிரத்தினத்தின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.