கரிச்சான் எடுத்துக்கொண்ட சொல்

பனி கலையாத ஆறு ஒன்று இருந்தது. இந்தக் கரையில் ஒரு மான் தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் ஒரு குதிரை தனியாக நின்றது. ஒன்று இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது.

ஒருநாள் கரிச்சான் குருவி மானிடம் வந்தது.

"அந்தப் பக்கம் ஒரு குதிரை உன்னைப்போலவே தனியாக இருக்கிறது. நீ பேசுவதை உன் குரலிலேயே அதனிடம் சொல்கிறேன். கூலியாக ஒவ்வொரு சேதியிலும் ஒரு சொல்லை நான் வைத்துக்கொள்வேன்."

மான் சம்மதித்தது. குதிரையும் சம்மதித்தது. புல்லின் ருசியும் கண்ட கனவுகளும் பனிக்குள் போய்வந்தன. ஆழம் தெரியாததால் இரண்டும் ஆற்றில் இறங்கவில்லை.

ஒரு விடியலில் பனி விலகியது. முழங்காலளவு தண்ணீர்தான் ஓடியது. மான் நடந்தே அக்கரை சேர்ந்தது.

"ஏன் ஒருநாளும் என்னைக் கூப்பிடவில்லை?"

"தினமும் 'வா' என்றுதானே முடித்தேன்" என்றது குதிரை.

இரண்டும் கரிச்சானைப் பார்த்தன.

"நான் இல்லாவிட்டால் அந்த 'வா'வை யாரிடம் சொல்லியிருப்பாய்?" என்று கேட்டுவிட்டு அது பறந்துபோனது.

மறுநாள் மீண்டும் பனி மூடியது. சற்றுத் தள்ளி நின்ற ஓர் எருமையிடம், எதிர்க்கரையில் ஒரு கழுதை தனியாக இருப்பதாகக் கரிச்சான் சொல்லிக்கொண்டிருந்தது.

குதிரை கோபத்தோடு கத்த வாயெடுத்தது.

"கொஞ்சம் பொறு" என்றது மான். "முதலில் அது அந்த இரண்டையும் பழக வைக்கட்டும். அப்புறம் ஆழத்தை நாம் சொல்வோம்."