குழாய்த் தண்ணீர்

இறால் பண்ணையின் தீவன அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: முதலாளி, தீவனம் கலக்குபவர், ஆய்வகத்திலிருந்து வந்த மேடம்.

மேடம் ஓர் இறாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முதுகில் கறுப்புக் கோடாகத் தெரியவேண்டிய குடல் காலியாக இருந்தது.

“மூணாவது தடவையா இறால் தீனி எடுக்காம கிடக்கு மேடம்! நல்ல பாக்டீரியான்னு நீங்க கொடுத்த பொடியைத்தான் தீவனத்துல கலக்கறோம்” என்றார் முதலாளி.

“எந்தத் தண்ணியில கரைக்கிறீங்க?”

“குழாய்த் தண்ணிதாங்க” என்றார் தீவனக்காரர், பக்கத்திலிருந்த வாளியைக் காட்டி.

“அதுல குளோரின் இருக்கு. பாக்டீரியா மொத்தமும் செத்துடும். போன தடவையே சொன்னேனே?”

“மறந்துட்டேங்க மேடம்.”

“தன் வயித்தை மட்டும் ஒரு வேளைகூட மறக்க மாட்டார்!” முதலாளி கடுகடுத்துவிட்டு வெளியே போனார்.

மேடம் குரலைத் தாழ்த்தினாள். “நிஜமாவே மறந்துட்டீங்களாப்பா?”

“இதுங்க நல்லா இருந்தா நீ வர மாட்டியே.”

“வீட்டு வாசலை மிதிக்காதேன்னு சொன்னது யாரு?”

“நான்தான். ஆறு வருஷமாச்சு.” அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். “புத்தி கெட்டுப் பேசிட்டேன்.”

அவள் கையுறையைக் கழற்றினாள். “சனிக்கிழமை பார்க்க வருவேன். அப்பவும் குடல் காலியா இருந்தா, இனிமே வேற ஆளை அனுப்பச் சொல்லிடுவேன்.”

“நிறைஞ்சிருந்தா?”

“வீட்டுக்கு வர்றேன்.”

அவர் வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினார். அவள் கிளம்பினாள். வெளியாள் போனதும் தீவன அறையைப் பூட்டவேண்டும் என்பது பண்ணை விதி. மகளுக்குப் பின்னால் அவர் கதவைச் சாத்திப் பூட்டினார்.