மீசை இல்லாத மீன்கள்

ஆழ்கடல் மீன் ஆய்வுக்கூடத்துக்கு அந்த எந்திரம் வந்த நாளிலிருந்து மீனைப் பார்த்து யாரும் இனம் பிரிப்பதில்லை. கடலடியில் என்னென்ன மீன் இருக்க முடியும் என்று அது முன்கூட்டியே கணித்து வைத்திருந்தது. வலையில் வருவது அந்தக் கணிப்போடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

ஆய்வாளர் ஜெசிந்தா கொண்டுவந்து வைத்த எலிவால் மீன் பொருந்தவில்லை. அதன் தாடைக்குக் கீழே ஒற்றை மீசை தொங்கியது. எந்திரம் சிவப்பு விளக்கைப் போட்டுச் சொன்னது: “இந்த இனத்துக்கு மீசை கிடையாது. மீன் பழுது.”

“மீன் எப்படி சார் பழுதாகும்?” என்று இயக்குநர் வரதனிடம் எகிறினாள். “இது புது இனம். கணிப்புதான் தப்பு.”

அவர் சாவகாசமாக டீயை உறிஞ்சினார். “இதுக்குப் போய் ஏம்மா குதிக்கிறே? மீசையக் கத்தரிச்சிட்டுத் திரும்ப வை, வாங்கிக்கும். ரொம்ப வருஷமா எல்லாரும் அப்படித்தானே செய்றோம்.”

அவள் பழைய எலிவால் மாதிரிகள் வைத்திருந்த அறைக்கு ஓடி, கண்ணாடிக் குடுவைகளைத் திறந்து மீன்களைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தாடையிலும் நேர்கோடாக ஒரு வெட்டு. ஆராய்ச்சிக் காலம் முழுக்க இதே மீன்களின் படங்களைத்தான் கண் எரியப் பார்த்திருந்தாள். படத்தில் வெட்டு தெரியவில்லை.

நாறும் குடுவைகளை அள்ளி வந்து அவர் மேஜைமேல் நங்கென்று வைத்தாள். டீ சிந்தியது.

“எலிவால் மீனுக்குப் பரிணாமத்துல மீசை எப்படி உதிர்ந்துச்சுன்னு எழுதித்தான சார் நான் டாக்டர் பட்டம் வாங்கினேன்? முன்வரிசையில உக்காந்து கைதட்டினீங்களே! அன்னிக்கே அந்தக் கத்தரிக்கோல மேடையேத்தியிருக்கலாமே!”